மேலே பிடித்திருப்பவன்

சித்திரை மாசத்தில், தேன் கனத்துப் பாறையெல்லாம் கறுப்பாக அடை தொங்கிய நாட்களில், ஒரு காலையில் அந்தப் பாறையை ஒட்டி வானத்திலிருந்து கயிறு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதை முதலில் பார்த்தவள் சடச்சி. பார்த்ததும் அவள் கேட்ட கேள்வி, மேலே யார் பிடித்திருக்கிறது என்பதுதான். கயிறு எப்படி வானத்திலிருந்து தொங்கும் என்று அவளும் கேட்கவில்லை, வெள்ளிலைக்குடியில் வேறு யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் இவளுக்கு என்ன கிறுக்கா என்று சிரித்திருப்பார்கள்.

வானத்தைச் சந்தேகப்படுவது அந்தக் குடியில் வழக்கமில்லை, மனுஷனைச் சந்தேகப்படுவதுதான் வழக்கம். ஆனைமலையின் மேற்குச் சரிவில், வெயில் தரைக்கு வர வழி தேடுகிற மழைக்காட்டுக்குள்ளே, அவர்களுக்குத் தேன்பாறை என்று ஒன்று இருந்தது. உச்சியில் நிற்கிற மரத்திலிருந்து ஒருவன் கொடியை விடுவான், இன்னொருவன் கீழேயிருந்து அதைப் பிடித்து ஏறி அடையை அறுப்பான். மேலே கொடியைப் பிடிக்கிற உரிமை ஏறுகிறவனுடைய பெண்டாட்டியின் கூடப்பிறந்தவனுக்கு மட்டும்தான் உண்டு. சொந்த அண்ணன் தம்பி பிடிக்கக்கூடாது, அவனுக்குப் பங்கில் கண் இருக்கும். கூட்டாளி பிடிக்கக்கூடாது, அவனுக்குப் பொறாமை இருக்கும். மச்சான்காரன் மட்டும் ஏறுகிறவனை எவ்வளவு வெறுத்தாலும் விடமாட்டான், விட்டால் தாலியறுக்கப் போவது அவன் தங்கச்சி. கொடியை மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றிக் கையில்தான் பிடிக்க வேண்டும், முடிச்சுப் போடக்கூடாது, ஏனென்றால் முடிச்சுக்குத் தங்கச்சி கிடையாது. பகலில்தான் ஏறுவார்கள், இருட்டில் பிடிக்கிறவன் முகம் தெரியாது என்று. கீழ்நாட்டிலிருந்து படிக்க வந்தவர்கள் இதையெல்லாம் கேட்டு, ஆகா எப்பேர்ப்பட்ட அன்பு என்று எழுதிக்கொண்டு போனார்கள். அன்பாவது கத்தரிக்காயாவது. ஒருத்தரை ஒருத்தர் துளியும் நம்பாத ஜனங்கள் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்த ஏற்பாடு அது.

ஆகவே சடச்சி ஊரைக் கூட்டினாள். ஆண்கள் பின்பக்கத்துத் தடம் வழியாகப் பாறை உச்சிக்கு ஏறிப் பார்த்தார்கள். கயிறு உச்சி மரத்தைத் தொடவே இல்லை, கைக்கு எட்டாத தூரத்தில் தன்பாட்டுக்கு மேலே போய் மேகத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தது. நைலானும் இல்லை, தேங்காய் நாரும் இல்லை, அந்தக் காட்டுக் கொடி எதிலும் முறுக்கினதும் இல்லை, தொட்டால் பச்சைக்குழந்தையின் தோலைப் போல இளஞ்சூடாக இருந்தது. சடச்சி அதைப் பிடித்து ஒரு சுண்டு சுண்டினாள். ஏறுகிறவன் கீழேயிருந்து சுண்டினால் மேலே இருப்பவன் பதிலுக்குச் சுண்டுவது முறை, அதுதான் நான் இருக்கிறேன், நீ ஏறு என்பதற்கு அடையாளம். கயிறு பதிலுக்குச் சுண்டியது. மெதுவாக, மரியாதையாகச் சுண்டியது. அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

மேலே ஆள் இருக்கிறது என்று ஆனபிறகு, அவன் யாருடைய அண்ணன் என்பதுதான் பேச்சு. கயிற்றைப் பிடிக்கிறவன் யாரோ ஒரு பெண்ணுக்குக் கூடப்பிறந்தவனாக இருந்தே தீரவேண்டும், வேறு மாதிரி நினைக்க அந்த ஊருக்குத் தெரியாது. அடுத்த குடியிலிருந்து வாக்கப்பட்டு வந்த நாகிக்குச் சின்ன வயசில் காணாமல்போன அண்ணன் ஒருத்தன் இருந்தான், மரம் வெட்டும் கூப்புக்குப் போனவன் திரும்பவே இல்லை. அவ்வளவுதான், நாகிக்குத் தலைகால் புரியவில்லை. தண்ணீர் எடுக்கும் இடத்தில் மற்றவர்கள் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்று எதிர்பார்த்தாள், மாமியாரிடம் சரிக்குச் சரி வாயாடினாள், என் அண்ணன் மேலே இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று புருஷனை மிரட்டினாள். இது பொறுக்காமல் மற்றப் பெண்களும் செத்துப்போன அண்ணன்மார், ஓடிப்போன தம்பிமார், பிறந்து பேர் வைக்குமுன்னே போய்ச் சேர்ந்த பிள்ளைகள் என்று ஆளாளுக்கு ஒரு பாத்தியதை கொண்டுவந்தார்கள். வானத்தில் இருப்பவனுக்காக வெள்ளிலைக்குடியில் மயிர்ப்பிடிச் சண்டைகூட நடந்தது.

முறை என்றால் முறை என்று, பிடிக்கிறவனுக்குக் கொடுக்க வேண்டியதை அவனுக்கும் கயிற்று நுனியில் கட்டிவிட்டார்கள். வெற்றிலை, சுட்ட கிழங்கு, போன வருஷத்துத் தேன், நாகி தன் பங்குக்கு ஒரு புது வேட்டி. மறுநாள் காலையில் பார்த்தால் கட்டியது கட்டியபடியே இருந்தது. கிழங்கை எறும்பு தின்றது, வேட்டியை மழை நனைத்தது. சரி, வாங்கத்தான் கூச்சப்படுகிறான், திட்டியாவது பார்ப்போம் என்று பெருசுகள் நாலு பேர் கயிற்றடியில் நின்று வாய்கொண்ட மட்டும் வைதார்கள். மச்சானுக்கும் மாப்பிள்ளைக்கும் வசவு இல்லாமல் கயிறு கைமாறுவதில்லை, அதுவும் முறைதான். கயிறு கோபித்துக்கொள்ளவில்லை. சுண்டிக் கேட்டபோதெல்லாம் அதே மெதுவு, அதே மரியாதை.

கொடுத்ததை வாங்காதவன், வைதால் திருப்பி வையாதவன், அவனிடம் என்னத்தை வைத்து உறவு கொண்டாடுவது என்று அன்றைக்குத்தான் சடச்சி கேட்டாள். நாகி வேட்டியை அவிழ்த்து எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

வனத்துறை வாட்சர் வந்து பார்த்தார். அனுமதி இல்லாமல் கட்டிய கயிறு என்றார், கஞ்சாக்காரன் வேலையாக இருக்கும் என்றார், பிறகு அரிவாளை வாங்கி வெட்டினார். அரிவாள் மொக்கையானதுதான் மிச்சம். நீங்கள்தான் ஏதோ செய்திருக்கிறீர்கள் என்று அவர் ஊரைப் பார்த்தார், நீர்தான் ஏதோ செய்திருக்கிறீர் என்று ஊர் அவரைப் பார்த்தது, இரண்டு தரப்பும் டீ குடித்துவிட்டுப் பிரிந்தார்கள்.

இதற்கு நடுவில்தான் கம்பெனி விவகாரம் முற்றிக்கொண்டு வந்தது. சடச்சியின் புருஷன் மூக்கன்தான் அந்தக் குடியின் சபைக்குத் தலைவன். தாலுகா ஆபீசுக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் நடையாய் நடந்து, வெயிலில் காய்ந்து, வாசலில் குத்தவைத்து, இந்தக் காடு உங்கள் கிராம சபையின் பொறுப்பு, உங்கள் சம்மதம் இல்லாமல் யாரும் கைவைக்க முடியாது என்று அரசாங்கத்தைச் சொல்லவைத்தவன். அது வந்த மறு வருஷமே கம்பெனி வந்தது. மரமெல்லாம் காற்றில் இருக்கிற கரியை உள்ளே இழுத்து வைத்துக்கொள்கிறதாம், அந்தக் கரிக்கு வெளிநாட்டில் கிராக்கியாம், சபை கையைத் தூக்கிச் சம்மதம் சொன்னால் போதுமாம். கம்பெனியின் சார்பில் வந்தவர் பேர் சந்திரகாசன். தன்மையான மனுஷன், குரலை உயர்த்தமாட்டார், குழந்தைகளுக்குப் பேர் சொல்லிப் பிஸ்கட் கொடுப்பார். யாரும் எங்கேயும் போகவேண்டாம், இங்கேயே இருக்கலாம் என்றார். ஆனால் எந்த மரத்தில் குங்கிலியம் எடுப்பது, எந்தச் சரிவில் கிழங்கு தோண்டுவது, தேன்பாறையில் எப்போது ஏறுவது, ஏறுவதா வேண்டாமா, அதையெல்லாம் இனிமேல் கம்பெனி சொல்லும்.

"நீங்க ஒண்ணுக்கும் கவலப்பட வேண்டாம். மேல இருந்து எல்லாத்தையும் நாங்க பாத்துக்குறோம்" என்றார்.

மேலே இருந்து என்ற சொல்லைக் கேட்டதும் சடச்சி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அவளுக்கு இதில் இன்னொரு சங்கடமும் இருந்தது. அவள் அண்ணன் வெள்ளையன், மூக்கன் ஏறும்போது இத்தனை வருஷமாக மேலே கொடியைப் பிடித்தவன், கம்பெனியின் பச்சை மேல்சட்டையை வாங்கி மாட்டிக்கொண்டான். ஒருங்கிணைப்பாளர் என்று அவனுக்கு ஒரு பேர் வைத்திருந்தார்கள், அவனுக்கே வாயில் நுழையாத பேர். வீடு வீடாகப் போய்க் கையைத் தூக்குங்கள் என்று சொல்வது அவன் வேலை. பாதிப் பேர் சரி என்றார்கள், மீதிப் பேர் மூக்கன் சொன்னால் சரி என்றார்கள். மூக்கன் மாட்டேன் என்றான். அவன் ஒருத்தன் இல்லையென்றால் காரியம் எப்போதோ முடிந்திருக்கும் என்று சந்திரகாசன் வருத்தத்தோடு சொன்னதாகவும், வெள்ளையன் அதைக் கேட்டுப் பேசாமல் இருந்ததாகவும் ஊரில் ஒரு பேச்சு ஓடியது. பேச்சு சடச்சியின் காதுக்கு வந்து சேர்ந்தபோது அவள் உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தாள். பிறகு சோறு குழைந்துபோனது அவளுக்குத் தெரியவே இல்லை.

அந்த வருஷம் மாப்பிள்ளையும் மச்சானும் பேசிக்கொள்ளவில்லை. தேனோ கனத்துப்போய்ச் சொட்டத் தொடங்கிவிட்டது. உங்க அண்ணன் கையில என் உசிரக் குடுக்கறதுக்கு அந்த வானத்துக் கயித்துலயே ஏறிருவேன் என்று மூக்கன் சொன்னான். அது யார் கை என்றே தெரியாதே என்று சடச்சி சொன்னதற்கு, உங்க அண்ணன் கை யாருதுன்னு மட்டும் உனக்குத் தெரியுமா என்று திருப்பிக் கேட்டான். கூடப்பிறந்தவனைப் பற்றி அப்படி ஒரு கேள்வியைக் கேட்க நேர்ந்ததில் அவளுக்கு அழுகை வந்தது. புருஷன் விழுந்தால் காடும் போகும், விழாமல் இருக்க அண்ணனை நம்ப வேண்டும், அண்ணனை நம்ப முடியவில்லை.

சபை கூடுகிற நாளைத் தேனெடுக்கிற நாளிலேயே வைத்தார்கள். தேன்பாறை அடியிலேயே கூட்டம். காமிராவோடு கம்பெனி விருந்தாளிகள் வந்திருந்தார்கள், வாட்சரும் வந்து ஓரமாக நின்றார். புதுக்கொடி முறுக்கி உச்சி மரத்தடியில் சுருட்டி வைத்திருந்தார்கள், ஆனால் அதைப் பிடிக்கப் போவது யார் என்று முடிவாகவில்லை. வெள்ளையன் பச்சை மேல்சட்டையோடு சந்திரகாசன் பக்கத்தில் நின்றான். வானத்துக் கயிறு நடுவில் தன்பாட்டுக்குத் தொங்கிக்கொண்டிருந்தது.

சந்திரகாசன் பேசி முடித்ததும் சடச்சி எழுந்தாள். அவளுக்குச் சபையில் பேசிப் பழக்கமில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணுங்க சார். எங்க பொண்டுகள்ல உங்க கூடப்பொறந்தவ யாரு?"

அவர் சிரித்தார். "எல்லாருமே என் தங்கச்சிங்கதாம்மா."

"எல்லாருக்கும் அண்ணன்னா யாருக்கும் அண்ணன் இல்லீங்க. நீங்க கைய விட்டா உங்க வீட்ல யாரு அழுவா? அத மட்டும் சொல்லுங்க, நாங்க கையத் தூக்கறோம்."

பெண்கள் பக்கத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. நாகி சத்தமாகவே சிரித்துவிட்டாள். சந்திரகாசன் முகம் மாறவில்லை, தன்மை குறையவில்லை. கயிற்றைக் காட்டி, இது யாருக்கு அண்ணன் என்று கண்டுபிடித்தீர்களா, இல்லையே, ஆனாலும் அது கெட்டியாக இருக்கிறதா இல்லையா, ஒருத்தராவது நம்பி ஏறிப் பார்த்தீர்களா, நம்பாமல் எந்த நல்லது நடந்திருக்கிறது என்று கேட்டார். கேட்டுக்கொண்டே மூக்கனைப் பார்த்தார். மூக்கன் வெள்ளையனின் மேல்சட்டையைப் பார்த்தான். என்ன நினைத்தானோ, எழுந்து போய், தேனீக்குப் புகை போடும் பந்தத்தை முதுகில் செருகிக்கொண்டு, வானத்துக் கயிற்றைப் பிடித்து ஏறிவிட்டான். சடச்சி ஓடிவருவதற்குள் அவன் கால் அவள் கைக்கு எட்டவில்லை.

கயிறு தாங்கியது. பாதிப் பாறை ஏறி முதல் அடைக்கு நேராக வந்து அவன் நின்றான், கையை நீட்டினான். அப்போது கயிறு அவனைத் தூக்கத் தொடங்கியது. குலுங்காமல், அவசரப்படாமல், தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலிலிருந்து எடுப்பதுபோல எடுத்தது. அவன் அடையைத் தாண்டிப் போனான், அடுத்த அடையையும் தாண்டிப் போனான், முதுகிலிருந்த பந்தம் நழுவிக் கீழே விழுந்தது. விருந்தாளிகள் கைதட்டினார்கள். பாருங்கள், எவ்வளவு பத்திரமாகத் தூக்குகிறது என்று சந்திரகாசன் சொன்னார். பிற்பாடு மூக்கன் சொன்னது வேறு. துளிக்கூட பயமே இல்லை, இறங்கணும் என்ற நினைப்பே வரவில்லை, ஏறினது எதற்கு என்பதே மறந்துபோயிற்று, அதை இப்போது நினைத்தால்தான் குலை நடுங்குகிறது என்றான். கீழே நின்று பார்த்தவர்களுக்கு அவன் முகம் தெரிந்தது. சிரித்த முகமாக, யாருடைய புருஷனோ மாதிரி இருந்தான்.

வெள்ளையன் இடத்தில் இல்லை என்பதை அப்போதுதான் சடச்சி கவனித்தாள். பின்பக்கத்துத் தடத்தில் பச்சை மேல்சட்டை முள்ளில் மாட்டிக் கிடந்தது, அவன் உச்சிக்குப் போய்விட்டிருந்தான். புதுக்கொடியை மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி விட்டெறிந்தான், கொடி பாறையோரமாக விழுந்து மூக்கனின் பக்கத்தில் ஆடியது. மாப்ள, மாப்ள என்று அவன் கத்தியது காடெல்லாம் கேட்டது. மூக்கனுக்கு அந்தக் குரலில் நினைப்பு வந்தது. அண்ணாந்து பார்த்தான், உச்சியில் தன்னோடு பேசாத மச்சான் நின்றான். பிறகு கீழே பெண்டாட்டியைப் பார்த்தான்.

மேலே ஒரு கயிறு சடச்சியின் புருஷனைக் கொண்டுபோகிறது, சேதாரமில்லாமல், சிரிக்க வைத்துக்கொண்டே கொண்டுபோகிறது. பக்கத்தில் இன்னொரு கொடி, அதைப் பிடித்திருப்பவன் மூக்கன் விழுந்தால் லாபமடைகிற ஆள். முதலாவதைச் சந்தேகப்பட அவளிடம் காரணமே இல்லை, இரண்டாவதைச் சந்தேகப்பட ஊர் நிறையக் காரணம் இருந்தது. அவள் பார்த்துக்கொண்டே இருக்கையில் புருஷன் உச்சியைத் தாண்டி மேகத்துக்குள் போய்விடுவான்போல இருந்தது.

"எங்கண்ணன் கொடியப் பிடி மாமா" என்றாள்.

மூக்கன் தாவினான். கொடியைப் பிடித்தான். கொடி விர்ரென்று ஒரு முழம் கீழே நழுவியது, பிறகு நின்றது. வானத்துக் கயிறு வெறும் கயிறாக மேலே கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, மெல்ல இறங்கிப் பழைய இடத்துக்கே வந்து தொங்கியது. அதற்கு வருத்தமோ கோபமோ இருந்ததாகத் தெரியவில்லை.

மூக்கன் பாறையைத் தேய்த்துக்கொண்டு இறங்கினான், முட்டியெல்லாம் தோல் உரிந்து ரத்தம். அந்த ரத்தத்தோடேயே சபை நடந்தது. கம்பெனிக்குச் சம்மதம் என்று சில கைகள் எழுந்தன, எழவில்லை என்று சொன்னால் பொய், ஆனால் அவை கொஞ்சம், எழுந்ததும் பக்கத்திலிருந்தவர்களைப் பார்த்துவிட்டுப் பாதி இறங்கின. காட்டைப் பற்றி இனி யார் என்ன சொல்ல வந்தாலும், கைவிட்டால் இந்தக் குடியில் யார் வீட்டுப் பெண் அழுவாள் என்று முதலில் சொல்ல வேண்டும் என்று சபை முடிவு செய்தது. சந்திரகாசன் எல்லாருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று போனார். வருவார், அவர் வருவார் என்பதில் ஊருக்குச் சந்தேகமே இல்லை. வானத்துக் கயிற்றை வெட்ட முடியாது என்பதால் அது அங்கேயே இருக்கட்டும், யாரும் பிடிக்க வேண்டாம் என்றும் முடிவாயிற்று. இருவாச்சிப் பறவைகள் அதில் உட்கார்ந்து பழகிவிட்டன. எப்போதாவது யாராவது போகிற போக்கில் ஒரு சுண்டு சுண்டுவார்கள், அது இன்னும் மரியாதையாகப் பதில் சுண்டுகிறது.

எல்லாரும் கலைந்தபிறகு சடச்சி உச்சிக்குப் போனாள். வெள்ளையன் மரத்தடியில் உட்கார்ந்திருந்தான், உள்ளங்கை இரண்டும் கொடி அறுத்துப் பிளந்து கிடந்தன. அவள் பச்சிலையைக் கசக்கி வைத்துத் துணியால் கட்டினாள். பிறகு கேட்டாள்.

"அந்த ஒரு முழம். கை நழுவுச்சா, விட்டயா?"

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கீழே, பாறையடியில், அவள் நின்றிருந்த இடத்தைப் பார்த்தான்.

"விட்டேன்" என்றான்.

"அப்பறம்?"

"நீ அங்க நின்னுட்டு இருந்தயே புள்ள."